அளப்பதற்கு முன் கேட்க வேண்டியது



ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் தலைமை ஆசிரியனாக இருந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாற்றுக்கு அதுவே எனக்கு வாயிலாக அமைந்தது.

எங்கள் பள்ளியில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாதவராய் இருந்தனர். இக்குறையைப் போக்க மேலிடத்தார் ஒரு திட்டம் வகுத்தனர். ஆசிரியர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் பள்ளி முடிந்த பின்னர்த் தம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று, பெற்றோரைக் கண்டு பேசிவர வேண்டும். பேசியதற்கு அடையாளமாக வீட்டாரின் கையொப்பத்தையோ பெருவிரல் ரேகையையோ ஒரு பதிவேட்டில் பெற்றுவர வேண்டும். நாங்களும் சென்றோம். ஆண்டு முடிவில் பதிவேடு நிரம்பிவிட்டது. பிள்ளைகளின் வாசிப்போ இருந்த இடத்திலேயே இருந்தது.

திட்டத்தை மதிப்பிட ஒருவர் வந்தார். பதிவேட்டை எண்ணிப் பார்த்து, எல்லாம் செவ்வனே நடைபெறுவதாக எழுதிச் சென்றார். சில திங்கள் கழித்து மற்றொருவர் வந்தார். அவர் பதிவேட்டைத் தொடவில்லை. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பயன் ஏதுமில்லை என்று எழுதிச் சென்றார். இருவர் எழுதியதும் உண்மையே. ஆயினும், இரண்டையும் சேர்த்துப் படித்த அலுவலகத்தார், 'ஆசிரியர்கள் ஒப்புக்காகச் சென்று வந்திருக்கின்றனர்' என்று முடிவு செய்து, விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினர். மாலை நேரத்தையெல்லாம் செலவிட்டு நடந்து திரிந்த என் ஆசிரியர்களுக்கு அக்கடிதம் எத்துணை வருத்தம் தந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஓர் ஆசிரியை மாறுதல் கேட்டு விண்ணப்பமே எழுதிவிட்டார்.

மூன்றாவதாக ஒரு முதியவர் வந்தார். அவரும் ஒருகாலத்தில் ஆசிரியராக இருந்தவராம். மணி அடித்துப் பிள்ளைகள் போன பின்னர், எங்கள் ஐவரையும் ஐந்தாம் வகுப்பறையில் அமரச் செய்தார். சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயா, அம்மா, நீங்கள் வீட்டுக்குப் போனீர்கள், அதில் எனக்கு ஐயமில்லை. நீங்கள் போவதற்கும் பிள்ளை படிப்பதற்கும் இடையில் என்னென்ன நடக்க வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்," என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கேள்வியை எங்களிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை. பின்னர் ஒருவர், "ஆசிரியர் வீட்டுக்கே வருகிறார் என்றால் பெற்றோருக்கு ஓர் அச்சம் வரும், பிள்ளையை நாள் தவறாமல் அனுப்புவர்," என்றார். மற்றொருவர், "அச்சம் எதற்கு? பிள்ளை வீட்டில் ஆடு மேய்க்கிறானா, தம்பியைத் தூக்கிச் சுமக்கிறானா என்பது நமக்குத் தெரியவரும், தெரிந்தால் வகுப்பில் அவனை நடத்தும் முறை மாறும்," என்றார். நான், "தாய் தந்தையர் இரவில் பிள்ளையைப் படிக்க வைப்பர் என்று எண்ணினேன்," என்றேன். திட்டம் ஒன்று, அதனை நடத்தியவர் ஐவர், அது எவ்வாறு பயன் தரும் என்பது பற்றிக் கருத்தோ மூன்று. முதற் கருத்தின்படி மாற வேண்டியவர் பெற்றோர். இரண்டாவதன்படி மாற வேண்டியவர் ஆசிரியர். மூன்றாவதன்படி மாற வேண்டியது வீட்டின் இரவுப் பொழுது. இம்மூன்றையும் ஒரே பதிவேட்டில் ஒரே ரேகையால் எவ்வாறு அளக்க முடியும்?

அன்று மாலை அப்பலகையில் மேலும் சில எழுதப்பட்டன. அவற்றைப் பின்னர்ச் சொல்கிறேன். அம்முதியவர் எங்களுக்குச் செய்த உதவிக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை நான் ஓய்வு பெற்ற பின்னரே படித்தறிந்தேன். ஒரு திட்டம் எந்தெந்தப் படிகளின் வழியே தன் பயனை அடையும் என்று அதனை நடத்துவோர் நம்புகின்றனரோ, அந்நம்பிக்கையின் தொகுதியை மதிப்பீட்டு நூலார் 'திட்டக் கோட்பாடு' என்று வழங்குவர். கோட்பாடு என்றதும் நியூட்டனையும் ஐன்ஸ்டைனையும் எண்ணி மிரள வேண்டா. நான் அதனைக் 'காரணத் தொடர்' என்றே சொல்லப் போகிறேன். ஊழியரின் உள்ளத்தில் சொல்லப்படாமல் கிடக்கும் அத்தொடரை வெளிக்கொணர அவருக்குத் துணைபுரிவதும் மதிப்பீட்டாளரின் பணியே என்னும் எண்ணம் எவ்வாறு வளர்ந்தது என்பதே இன்றைய பொருள்.

இவ்வெண்ணத்தின் முளையை நம் நாட்டிலேயே காணலாம். ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் இரண்டாம் உலகப் போரின்போது படைப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்தவர். நேருவின் நட்பைப் பெற்றவர். உத்தரப் பிரதேசத்தில் எட்டாவா மாவட்டத்து மகேவா என்னுமிடத்தில், 1948-ஆம் ஆண்டில், 64 ஊர்களைக் கொண்டு ஒரு முன்னோடிக் கிராம வளர்ச்சித் திட்டம் அவருடைய துணையுடன் தொடங்கப்பெற்றது. நல்ல கோதுமை விதை, பசுந்தாள் உரம், கிணறு, சாலை, முதியோர் கல்வி என்பனவே அதன் பணிகள். இவற்றில் பெரும் புதுமை இல்லை. புதுமை வேறோர் இடத்தில் இருந்தது. ஊர்தோறும் பணியாற்றிய கடைநிலை ஊழியன், மேலதிகாரியின் முன் நின்று, 'நீங்கள் சொன்னது இவ்வூரில் நடவாது. காரணம் இது' என்று அச்சமின்றிச் சொல்லும் நிலை உண்டாக வேண்டும் என்று மேயர் வற்புறுத்தினார். அலுவலகத்தின் உள்ளேயே மக்களாட்சி வேண்டும் என்பது அவர் கருத்து. ஆங்கில ஆட்சியின் பழக்கத்தில் ஊறிய அலுவலகங்களில் அது எத்துணை அரிய செயல் என்பதை, அரசுப் பணியில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்த நான் நன்கு அறிவேன்.

எட்டாவாவின் வழியைப் பெரும்பாலும் பின்பற்றி, 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடளாவத் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில், அத்திட்டத்தை மதிப்பிடுவதற்கென்றே அந்நாளைய திட்டக் குழுவின் கீழ்த் தனி நிறுவனம் ஒன்று பேராசிரியர் டி. ஜி. கார்வே தலைமையில் அமைக்கப்பெற்றது. திட்டம் பிறக்கும்போதே அதனை மதிப்பிடும் அமைப்பும் உடன் பிறந்தது உலக வரலாற்றிலேயே அரியதொரு நிகழ்ச்சி. அமெரிக்காவில் இத்துறை தழைத்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான். நம் மாணவர்களுக்கு இதனைச் சொல்லித் தராதது ஏனோ தெரியவில்லை.

ஆனால் திட்டம் விரிய விரிய, கிராம சேவகரின் கையில் நிரப்ப வேண்டிய படிவங்கள் பெருகின. தோண்டிய குழி எத்தனை, பகிர்ந்த விதை எத்தனை மூட்டை, கூட்டிய கூட்டம் எத்தனை என்பனவே மேலே சென்றன. மக்களின் சொந்த முயற்சியை இத்திட்டம் எழுப்பவில்லை என்று பல்வந்த்ராய் மேத்தா குழு 1957-இல் அறிவித்தபோது பலர் திடுக்கிட்டனர். படிவங்களை நிரப்பிய சேவகர் திடுக்கிட்டிருப்பாரா என்பது என் ஐயம்.

இனி அமெரிக்கா செல்வோம். 1960-களில் அந்நாட்டு அரசு வறுமை ஒழிப்புக்கும் கல்விக்கும் பெரும் பொருளைச் செலவிட்டது. செலவிட்டதற்குக் கணக்கும் கேட்டது. பல திட்டங்கள் பயனற்றவை என்று ஆய்வுகள் கூறத் தொடங்கின. அப்போது எட்வர்ட் சச்மன் என்னும் சமூகவியலாளர், 1967-இல் வெளியிட்ட மதிப்பீட்டு ஆய்வு பற்றிய தம் நூலில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். ஒரு திட்டம் தோற்கும்போது, தோற்றது எது? மருந்தை நோயாளி உண்ணவே இல்லையா, அன்றி, உண்டும் மருந்து வேலை செய்யவில்லையா? முன்னது நடத்தையின் தோல்வி. பின்னது கோட்பாட்டின் தோல்வி. உவமை என்னுடையது, வேறுபாடு அவருடையது. முன்னதற்கு வழி, ஒழுங்காக நடத்துவது. பின்னதை எத்துணை ஒழுங்காக நடத்தினாலும் பயன் வாராது. இரண்டையும் பிரித்தறியாத மதிப்பீடு, எங்கள் பள்ளிக்கு வந்த முதலிரு மதிப்பீடுகளைப் போல, உண்மையைச் சொல்லியும் வழிகாட்டாது.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 1972-இல், கேரல் வைஸ் என்னும் அம்மையார் ஒரு சிறு நூல் எழுதினார். பிற்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர் அவர். அந்நூலை முதன்முறை புரட்டியபோது நான் வியந்து போனேன். காரணத் தொடர் இன்னதென்று விளக்க அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு எது என்று நினைக்கிறீர்கள்? ஆசிரியர்கள் மாணவர் வீடுகளுக்குச் செல்வதால் மாணவரின் வாசிப்புத் திறம் உயருமா என்பதே! ஆசிரியர் வருகை ஒரு முனையில். வாசிப்பு மறு முனையில். இடையில் அம்பு அம்பாகப் படிகள். ஆசிரியர் வீட்டின் நிலையை அறிந்து பாடம் நடத்தும் முறையை மாற்றுவது ஒரு கிளை. பெற்றோர் பள்ளியின் எதிர்பார்ப்பை அறிந்து பிள்ளையை ஊக்குவது மற்றொரு கிளை. எங்கள் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகை கடல் கடந்து அந்நூலில் ஏறியது போலவே இருந்தது. அந்நூல் எங்கள் பலகைக்கு முந்தியது என்பதே உண்மை.

வைஸ் அம்மையாரின் கருத்து எளியது. இத்தொடரை எழுதிக்கொண்டால், இறுதிப் பயனை மட்டும் அளந்துவிட்டு 'வெற்றி', 'தோல்வி' என்று முத்திரை குத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு படியையும் பார்த்து, தொடர் எந்தக் கண்ணியில் அறுந்தது என்று காட்டலாம். 1995-இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை இக்கருத்தைப் பெரிதும் பரப்பியது.

தொடரை எழுதித் தருபவர் யார் என்னும் வினா எஞ்சியது. அதற்கு விடை தேடியவருள் ஜோசப் வோலி குறிப்பிடத்தக்கவர். வாஷிங்டனில் நகரியல் ஆய்வு நிறுவனம் ஒன்றில் அவரும் துணைவரும் 1970-களில் அரசுத் திட்டங்களை ஆராய்ந்தனர். மதிப்பிடப் புகுமுன்னரே, 'இத்திட்டம் மதிப்பிடத்தக்க நிலையில் இருக்கிறதா?' என்று அவர்கள் கேட்டனர். ஆவணங்களைப் படித்தனர், அதிகாரிகளைக் கண்டனர், களத்தில் இருப்போரையும் கண்டனர். காகிதத்தில் ஒரு திட்டமும், அதிகாரியின் உள்ளத்தில் மற்றொரு திட்டமும், களத்தில் வேறொரு திட்டமும் இருப்பதுண்டு. கண்டவற்றைப் படமாக வரைந்து, 'நீங்கள் நம்புவது இதுதானா?' என்று அத்திட்டத்தாரிடமே மீண்டும் காட்டித் திருத்தி வாங்கினர். என் பள்ளிக்கு வந்த முதியவர் வோலியின் நூலைப் படித்திருந்தாரா, தம் ஆசிரிய அனுபவத்தால் அறிந்தாரா என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிறந்து, உலகெங்கும் பேசப்பட்டு, வேறொரு நாட்டில் இடறிய ஒரு திட்டத்தின் வரலாறு இத்துறையின் பாடமாகவே இன்று படிக்கப்படுகிறது.

1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் காரணத் தொடர் மிகக் குறுகியது: பசித்த பிள்ளைக்குச் சோறு கிடைக்கும், கிடைப்பதால் பள்ளிக்கு வருவான். இடையில் அறுவதற்கு அதிகக் கண்ணிகள் இல்லை. ஆனால் பள்ளி வயதை எட்டாத குழந்தையின் நிலை வேறு. சிட்னி கேண்டர் நிறுவனத்தார் 1973-இல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஊட்ட ஆய்வு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளே பெரிதும் நலிகின்றனர் என்பதையும், நடப்பிலிருந்த உணவுத் திட்டங்கள் அவர்களைப் பெரும்பாலும் எட்டவில்லை என்பதையும் எடுத்துக்காட்டியது. அதன்பின், 1980-ஆம் ஆண்டில், உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் நடத்திப் பார்த்துவிட்டுப் பிற பகுதிகளுக்கு விரித்தனர்.

1980-களின் தொடக்கத்தில் அவ்வட்டாரத்தில் இளம் ஆசிரியனாக இருந்த நான் அதனைக் கண்ணால் கண்டிருக்கிறேன். விட்டத்தில் ஒரு தராசு தொங்கும். அதன் கொக்கியில் துணித் தொட்டில் போன்ற ஒன்றை மாட்டிக் குழந்தையை இருத்துவர். குழந்தை வீறிட்டு அழும். சூழ்ந்து நிற்கும் பெண்கள் சிரிப்பர். ஊரைச் சேர்ந்த ஊழியப் பெண் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்லி, ஓர் அட்டையில் புள்ளி வைப்பார். சென்ற திங்களின் புள்ளியையும் இத்திங்களின் புள்ளியையும் கோட்டால் இணைப்பார். கோடு மேலே ஏறினால் தாய் முகம் மலரும். கிடையாகப் படுத்தாலோ கீழே சரிந்தாலோ, அந்தக் குழந்தைக்கு நாள்தோறும் சத்துருண்டை. அதுவும் எப்போதைக்கும் அன்று. 90 நாள்கள் வரை. தேறிவிட்டால் நிறுத்திவிடுவர். எனக்கு அது அப்போது கருமித்தனமாகவே பட்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தால் என்ன என்று அந்த ஊழியப் பெண்ணிடமே கேட்டேன். அவர், "சார், உருண்டை மருந்து மாதிரி. பிள்ளை தேறுவதைத் தாய் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் வீட்டில் கஞ்சியைக் கூட ஒருவேளை சேர்த்துக் கொடுப்பாள். அதற்குத்தான் இவ்வளவும்," என்றார்.

இன்று நினைத்தால் அந்த விடையின் அருமை விளங்குகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். திட்டத்தின் காரணத் தொடரை இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார். குழந்தை மெலிவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் எடையில் தெரியும். எடையைத் தாய்க்குக் காட்டினால் தாய் உணர்வாள். குறைந்த காலத்துச் சத்துணவு குழந்தையைத் தேற்றுவதோடு தாய்க்குச் சான்றும் ஆகும். தாய் வீட்டில் ஊட்டும் முறையை மாற்றுவாள். மாற்றினால் குழந்தை மீண்டும் மெலியாது. உருண்டை இத்தொடரில் ஒரு கண்ணி மட்டுமே. தொடரின் அச்சாணி தாய்.

பயன் என்ன? உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவினர், கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாகக் கணித்தனர். நடுத்தர ஊட்டக்குறைவில் அத்தகைய வீழ்ச்சி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், அக்காலத்து உலகில் இத்துணைப் பெரிய அளவில் நடந்த ஊட்டத் திட்டங்களுள் இது சிறந்த ஒன்றாகப் போற்றப்பட்டது.

போற்றப்பட்டதைப் பிறர் மேற்கொள்வது இயல்பே. 1995-ஆம் ஆண்டில் வங்காளதேசத்தில், உலக வங்கியின் உதவியுடனேயே, இதனை முன்மாதிரியாகக் கொண்டு ஓர் ஒருங்கிணைந்த ஊட்டத் திட்டம் தொடங்கி 2002 வரை நடந்தது. அதே எடையிடல், அதே அட்டை, அதே தாய்க்கு அறிவுரை, மெலிந்த குழந்தைக்கு அதே போன்ற துணை உணவு. ஆனால் குழந்தைகளின் உடல்நிலையில் கண்ட மாறுதல் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிதாகவே இருந்தது. திட்டம் நடந்த பகுதிக்கும் நடவாத பகுதிக்கும் வேறுபாடே காணோம் என்று பிரிட்டனின் குழந்தைகள் நல அமைப்பு ஒன்று 2003-இல் அறிக்கை வெளியிட்டது. சொற்போர் மூண்டது.

ஹோவர்ட் வைட் என்னும் பொருளியலறிஞர் முதலானோர் 2005-இல் உலக வங்கிக்காகச் செய்த மதிப்பீடு, வெற்றியா தோல்வியா என்னும் வழக்காட்டத்தை விட்டுக் காரணத் தொடரைக் கண்ணி கண்ணியாகச் சோதித்தது. தாய்மார்க்கு அறிவுரை போய்ச் சேர்ந்ததா? பெரும்பாலும் சேர்ந்தது. அவர்கள் கற்றனரா? கற்றனர். கற்றதைச் செய்தனரா? இங்கேதான் கண்ணி அறுந்திருந்தது. அந்நாட்டுச் சிற்றூர்களில் பெண்கள் சந்தைக்குச் செல்வதில்லை. பண்டம் வாங்கி வருபவர் ஆடவர். கூட்டுக் குடும்பமாயின், அடுக்களையின் ஆட்சி மாமியார் கையில். குழந்தைக்கு எதை, எத்தனை முறை, எவ்வளவு ஊட்டுவது என்பதை மருமகள் தனித்து முடிவு செய்வது அரிது. திட்டமோ முற்றிலும் தாயையே நோக்கிப் பேசிக்கொண்டிருந்தது. அன்றியும், கொடுத்த துணை உணவு சிலவிடங்களில் வீட்டு உணவுக்கு மேலாகச் சேராமல், அதற்கு ஈடாகவே போயிற்று. குழந்தையின் வயிற்றுக்கு மிஞ்சியது பழைய அளவே.

தமிழ்நாட்டில் மாமியார் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு; என் வீட்டிலேயே இருந்தார். ஆனால் நம் ஊர்ப் பெண் கடைக்குப் போகிறாள், கூலி வாங்குகிறாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடையிடும் இடத்துக்கு வருகிறாள். கூடக் கொஞ்சம் பருப்பு வேகவைக்க அவள் யாரிடமும் ஒப்புதல் பெற வேண்டியதில்லை; பெற வேண்டியிருப்பினும் பெற்றுவிடுவாள். கொட்டாம்பட்டித் தொடரில் 'தாய் அறிந்தால் தாய் செய்வாள்' என்ற கண்ணி இருந்தது. அது இங்கு உண்மையாக இருந்தமையால் அதனை யாரும் எழுதவே இல்லை. எழுதப்படாத ஒன்றை எல்லை கடத்தும்போது சோதித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? தராசும் அட்டையும் கடல் கடந்தன. அக்கண்ணி இங்கேயே தங்கிவிட்டது. லண்டன் பொருளியல் பள்ளியில் பேராசிரியராக இருந்த மெய்யியலறிஞர் நான்சி கார்ட்ரைட் 2012-இல் ஜெரமி ஹார்டியுடன் எழுதிய நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டியதால், இன்று பல நாட்டு மாணவர் இவ்வரலாற்றைப் படிக்கின்றனர்.

என் உள்ளத்தை உறுத்துவது ஒன்று உண்டு. வங்காளதேசத்திலும் அவ்வூர்ப் பெண்களே ஊழியராக இருந்தனர். அவர்களும் மருமகள்களே, அவர்கள் வீட்டிலும் கணவரே சந்தைக்குப் போயினர். 1995-இல் அவர்களுள் பத்துப் பேரை ஒரு மரத்தடியில் அமர்த்தி, 'இந்த அறிவுரையைத் தாய் கேட்டபின் அவள் வீட்டில் அடுத்து என்ன நடக்கும்?' என்று யாரேனும் கேட்டிருந்தால், மதிப்பீட்டாளர் பத்தாண்டுகளுக்குப் பின் கண்டதை அவர்கள் ஒரு பிற்பகலில் சொல்லியிருக்க மாட்டார்களா?

ஆனால் அவ்வாறு கேட்பது எளிதன்று. ஊழியருக்குக் கேள்வி கேட்பவரைக் கண்டாலே அச்சம். எந்த விடை பிடிக்குமோ அதனைச் சொல்லிவிடுவர். நானும் அவ்வாறு சொல்லியவனே. மற்றொரு தீங்கும் உண்டு. கற்றறிந்த மதிப்பீட்டாளர் தாமே அழகியதொரு படத்தை வரைந்து வந்து, 'இதுதானே உங்கள் கருத்து?' என்றால், யார் அல்ல என்பர்? பின்னாளில் எங்கள் அலுவலகத்துக்கும் கட்டங்களும் அம்புகளும் நிறைந்த தாள்கள் வரத் தொடங்கின. அவற்றை ஆசிரியர்கள் படிவமாக எண்ணி நிரப்பினரே அன்றித் தம் கருத்தாக எண்ணவில்லை. அன்று வந்த முதியவர் கையில் தாள் ஏதுமில்லை. நாங்கள் சொன்னதை எங்கள் சொல்லாலேயே எழுதினார். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தால் இரண்டையும் எழுதினார். பேசாதிருந்தவரைப் பேசும்வரை காத்திருந்தார்.

அவ்வாறு பேசாதிருந்தவர், மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதிய அந்த ஆசிரியைதான். மூன்று கருத்துகளும் பலகையில் ஏறிய பின், முதியவர் அவர் பக்கம் திரும்பி, "நீங்கள் போன வீட்டில் யாரிடம் பேசினீர்கள், அம்மா?" என்றார். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "பெரும்பாலும் பாட்டியிடம்தான். தாய்மார் களையெடுக்கப் போய்விடுகிறார்கள். நான் போகும் நேரத்துக்குத் திரும்புவதில்லை. கடைசிப் பேருந்து போய்விடும் என்று நான் வந்துவிடுவேன்," என்றார். பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். ரேகைகளுள் பெரும்பகுதி பாட்டிமாருடையவை. சில, அக்காள்மாராகிய சிறுமிகளின் கோணல் கையெழுத்து. அச்சமோ, அறிவோ, இரவுப் படிப்போ, எங்கள் மூன்று தொடர்களும் முதற் கண்ணியிலேயே அறுந்திருந்தன. 'பெற்றோரைக் கண்டு பேசுதல்' நடக்கவே இல்லை. வீட்டுக்குப் போதல் மட்டுமே நடந்திருந்தது. இது எங்கள் ஐவருக்கும் தனித்தனியே தெரிந்த செய்தி. சேர்ந்து சொல்லிக்கொள்ளத்தான் நேரமில்லாது போயிற்று.

அதன்பின் நியாயவிலைக் கடையில் அரிசி போடும் நாள்களில் தாய்மார் வேலைக்குப் போவதில்லை என்று ஓர் ஆசிரியர் நினைவூட்டினார். கடை எங்கள் பள்ளியின் அடுத்த தெருவில் இருந்தது. வரிசையில் நிற்கும் தாய்மாரோடு ஆசிரியர்கள் பேசத் தொடங்கினர். படிக்கத் தெரியாத தாய் எப்படிப் படிக்க வைப்பாள் என்ற அடுத்த கேள்வி அங்கேதான் எழுந்தது. அடுப்பருகில் அமர்ந்து பிள்ளை உரக்கப் படிக்க, தாய் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று ஏற்பாடாயிற்று. அவ்வாண்டில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுள் பலர் தேறினர். ஆடு மேய்க்கப் போன பிள்ளைகள் தேறவில்லை. அவர்களுக்கு எங்கள் பலகையில் தொடர் ஏதும் இல்லை. ஆசிரியை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விளக்கம் கேட்ட கடிதத்துக்கு நான் எழுதிய விடை பதினொரு பக்கம். அதற்கு மறுமொழி ஏதும் வரவில்லை.

அந்தப் பலகையை நாங்கள் மூன்று நாள்கள் அழிக்காமல் வைத்திருந்தோம். நான்காம் நாள், கணக்குப் பாடத்துக்கு இடம் போதவில்லை என்று ஐந்தாம் வகுப்பாசிரியர் துடைத்துவிட்டார். அதற்குள் நான் அதனை வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்த்தெழுதிக்கொண்டேன்.